நாலு ஜிபி ரேமும் சுங்கை சிப்புட் இடியும்

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஈப்போவில் இப்போது மறுவாழ்வுக் காலம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். இரண்டும் இல்லாத பெட்டிகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. அவற்றில் சில சுற்றி வளைத்து புந்தோங்கில் இருக்கும் என் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்கின்றன. தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, சுங்கை சிப்புட், கம்பார் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். எல்லாம் ஒரு காலத்தில் பால்மரம் சீவிய குடும்பங்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, கைமாறி, துண்டு துண்டாகிப் போன பிறகு தாமான் வீடுகளுக்கு வந்தவர்கள் பாதி. இன்னும் பழைய லயத்திலேயே இருப்பவர்கள் மீதி. 2020 மார்ச்சில் எம்.சி.ஓ. என்ற நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்து, ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்த நாள்களில் தொடங்கிய பழக்கம் இது. இன்னும் விடவில்லை.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் 4 ஜிபி ரேம்தான் இருக்கும். கொடுத்து வைத்தது என்றால் 8. இன்னொரு 4 வாங்கிச் சொருகிவிடலாமே என்று கேட்பீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை போன போக்கைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, குரூஷியல் என்ற பெயரில் கடைக்குக் கடை ரேம் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இருக்கிற ரேமை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: ஸ்வாப் எத்தனை ஜிபி வைக்கலாம்?

ஸ்வாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்து வீட்டில் கல்யாணம் வைத்தால் என்ன செய்வோம்? இருப்பதே ஒன்றரை அறை. விருந்தாளிகள் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக ட்ரங்குப் பெட்டி, தையல் மெஷின் எல்லாவற்றையும் பின்னால் உள்ள கொட்டகைக்குத் தள்ளுவோம். ரேம் அந்த அறை, ஸ்வாப் கொட்டகை. தையல் மெஷின் மூன்று நாள் கொட்டகையில் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. சோற்றுப் பானையையும் அங்கே வைத்துவிட்டு ஒவ்வொரு பந்திக்கும் ஓடி ஓடி எடுத்து வந்தால் கல்யாணம் நடந்த மாதிரிதான்.

எவ்வளவு ஸ்வாப் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: ரேமில் இரண்டு மடங்கு. நானும் இதைக் கேட்டே வளர்ந்தேன். 32 எம்பி ரேம் இருந்த காலத்தில் 64 எம்பி ஸ்வாப் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. கொஞ்ச காலம் அதற்கு வலுவான காரணமும் இருந்தது. 2001-இல் வந்த லினக்ஸ் 2.4-இன் தொடக்கப் பதிப்புகளில், ஸ்வாப்புக்குப் போன பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) ரேமுக்குத் திரும்பி வந்த பிறகும் ஸ்வாப்பில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரேமும் ஸ்வாப்பும் ஒரே அளவு என்றால் அங்கே கூடுதல் இடம் என்று ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இரண்டு மடங்கு கேட்டார்கள். அதே ஆண்டிலேயே நினைவக நிர்வாகப் பகுதியை மாற்றி எழுதினார்கள். காரணம் போய்விட்டது, விதி மட்டும் இன்றுவரை நடமாடுகிறது. ஸ்வாப் என்ற யோசனையின் மூலத்துக்கே போனால் இன்னும் வேடிக்கை. மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். அதற்குப் பின்பலமாகச் சுழன்ற காந்த டிரம்மில் 98,304 சொற்கள். ஆறு மடங்கு! இரண்டு என்பது சாஸ்திரம் அல்ல என்பதற்கு இது போதும்.

இன்றைக்கு 8 ஜிபி ரேமும் 120 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ள பெட்டியில் 16 ஜிபியை ஸ்வாப்புக்கு ஒதுக்கினால் பிள்ளையின் பாடக் கோப்புகளுக்கான இடத்தைத் தின்கிறோம். ரெட் ஹாட் நிறுவனமே தன் சர்வர் வழிகாட்டியில் 2 ஜிபி வரை ரேம் இருந்தால்தான் இரண்டு மடங்கு என்கிறது. 8 வரை ரேமுக்குச் சமம், அதற்கு மேல் குறைந்தது 4 ஜிபி என்று முடித்துக்கொள்கிறது. உபுண்டு 17.04-இல் ஸ்வாப் பார்ட்டிஷனை விட்டுவிட்டு ஸ்வாப் கோப்புக்கு மாறியபோது, 2 ஜிபி அல்லது காலி இடத்தில் ஐந்து விழுக்காடு, இரண்டில் எது சிறியதோ அது என்று வைத்தார்கள். ஆளுக்கொரு கணக்கு. யாரும் பொய் சொல்லவில்லை; ஆனால் யாரும் உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கவும் இல்லை.

நான் முதலில் பார்ப்பது ரேம் எவ்வளவு என்பதை அல்ல, ஸ்வாப் எதன்மேல் உட்காரப் போகிறது என்பதை. ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

சில மாதங்களுக்கு முன் சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தார்.

"அண்ணே, மவனோட கம்ப்யூட்டரு செத்துப் போச்சு போல. மவுசு நவர மாட்டேங்குது. லைட்டு மட்டும் மின்னிக்கிட்டே இருக்கு."

"எந்த லைட்டும்மா?"

"முன்னால, சின்னதா ஒண்ணு. விடாம மின்னுது."

"அப்போ சாகல. வேலதான் பார்த்துக்கிட்டு இருக்கு. அவன் என்ன தொறந்து வச்சிருக்கான்னு கேளு."

பின்னால் பையனின் குரல் கேட்டது. "மீட்டு ஒண்ணு, ஸ்லைடு ஒண்ணு, அப்புறம் குரோம்ல கொஞ்சம் டேப்பு மாமா. இருவது இருக்கும்லா."

அது என் கை வழியாகப் போன பெட்டி இல்லை. வேறு யாரோ தயார் செய்து கொடுத்தது. 4 ஜிபி ரேம், பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் ஸ்வாப் 16 ஜிபி. ‘தாராளமாக இருக்கட்டும்' என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் பெட்டியைப் படுக்க வைத்தது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி. தலை நகர இன்னும் ஒரு 8. ஆக ஒரு தேடலுக்கு 12 மில்லிசெகண்ட், செகண்டுக்குச் சுமார் 80 தேடல். லினக்ஸ் ஒரு தேடலில் பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எட்டுப் பக்கம், அதாவது 32 கேபி, எடுத்து வரும். செகண்டுக்கு இரண்டரை எம்பி! ஸ்வாப்பில் சிதறிக் கிடக்கும் 400 எம்பி குரோமைத் திரும்ப எழுப்ப இரண்டரை நிமிடத்துக்கு மேல். அது திரும்பி வர இடம் வேண்டுமே, அதற்காக மீட்டைத் தூக்கி வெளியே போடும். பையன் மீட்டைக் கிளிக் செய்வான். அது உள்ளே வர குரோம் வெளியே போகும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் லைட்டு மின்னிக்கொண்டேதான் இருக்கும். இந்த நோயை பீட்டர் டென்னிங் 1968-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்.

ஸ்வாப் 1 ஜிபியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் சீக்கிரமே நிரம்பியிருக்கும். லினக்ஸ் கெர்னல் வேறு வழியில்லாமல் நினைவகத்தை அதிகமாகத் தின்னும் ஒரு நிரலைக் கொன்றிருக்கும். குரோமில் ஒன்றிரண்டு டேப் செத்திருக்கும். பையன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி திறந்திருப்பான், பெட்டி பிழைத்திருக்கும். 16 ஜிபி கொட்டகை இருந்ததால் ‘இடம் இருக்கிறதே' என்று கெர்னல் கடைசிவரை யாரையும் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பெரிய ஸ்வாப் வைப்பது பெட்டியைக் காப்பாற்றாது, அதன் அவதியைத்தான் நீட்டும். சின்னதாக வைத்தால் தவறில்லை, பெரிதாக வைத்தால்தான் தவறு என்று நான் அடித்துச் சொல்லும் ஒரே இடம் இது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உபுண்டு 22.04-இல் சிஸ்டம்டி-ஊம்டி என்ற காவல்காரனை வேலைக்கு வைத்தார்கள். நினைவக நெருக்கடி வந்தால் கெர்னலுக்கு முன்பே ஓடி வந்து ஆளைத் தட்டுவது அதன் வேலை. பல பெட்டிகளில் ஸ்வாப் மிகச் சிறியது, சீக்கிரம் நிரம்பிவிடும், உடனே காவல்காரன் வந்து பிரவுசரை மொத்தமாகக் கொன்றுவிடுவான். பயனர்கள் கத்தித் தீர்த்தார்கள், அமைப்பைத் தளர்த்தினார்கள். எஸ்.எஸ்.டி. இருக்கும் பெட்டியில் 1 ஜிபி என்று கஞ்சத்தனம் பிடிப்பது அதனால்தான் எனக்குப் பிடிக்காது. எஸ்.எஸ்.டி.யில் தலையும் இல்லை, தட்டும் இல்லை. அதே 400 எம்பி சில செகண்டில் வந்துவிடும்.

அந்தப் பையனின் பெட்டிக்கு நான் செய்தது அவ்வளவுதான்: 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டி, ஸ்வாப்பை 4 ஜிபியாகக் குறைத்தேன். கூடவே இசட்-ரேம். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப்பாக நடத்தும் வித்தை இது. பிரவுசர் விட்டுப்போகும் பக்கங்கள் நன்றாகச் சுருங்கும், பாதியாவது ஆகும். டிஸ்க்கைத் தொடாமலே வேலை முடிகிறது. ஃபெடோரா 2020-இல் தன் 33-ஆம் பதிப்பிலேயே இதை இயல்பாக்கிவிட்டது. 4 ஜிபி பெட்டிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. முதலில் இசட்-ரேம் நிரம்பட்டும், அதற்கப்புறம் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் என்று முன்னுரிமை கொடுத்து வைத்துவிட்டால் போதும்.

"எஸ்.எஸ்.டி.ல ஸ்வாப் வச்சா சீக்கிரம் தேஞ்சு போயிரும்லா" என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. கிங்ஸ்டன் ஏ400 மாதிரியான மலிவான 240 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கே 80 டிபி எழுதலாம் என்று உறுதி தருகிறார்கள். ஒரு நாளைக்கு 20 ஜிபி ஸ்வாப் எழுதினாலும் நாலாயிரம் நாள், கிட்டத்தட்ட பதினொரு வருஷம். தினமும் 20 ஜிபி ஸ்வாப்புக்குப் போகிறது என்றால் அந்தப் பெட்டியில் தேய்மானம் பிரச்சினையே இல்லை, ரேம் போதாததுதான் பிரச்சினை.

இப்போது இடிக்கு வருகிறேன்.

இணையத்தில் வருகிற எல்லா அறிவுரையும் ‘டெஸ்க்டாப்தானே, ஹைபர்நேட் எதற்கு, அதற்காக ஸ்வாப்பைப் பெரிதாக்க வேண்டாம்' என்றுதான் சொல்லும். எழுதியவர்கள் பேராக்கில் ஒரு பிற்பகலைக் கழித்ததில்லை. உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் மலேசியாவும் ஒன்று. மூன்று மணிக்கெல்லாம் தித்திவங்சா மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். முதல் இடி கேட்டதும் வீட்டில் பெரியவர்கள் எழுந்து டிவி, அஸ்ட்ரோ, மோடம் என்று வரிசையாக பிளக்கைப் பிடுங்குவார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. "இரு பாட்டி, சேவ் பண்ணிக்கிறேன்" என்று பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் பிளக் கையில் இருக்கும். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. இடி இறங்கி மோடமும் மதர்போர்டும் சேர்ந்து கருகிய வீடுகளை அவர் பார்த்திருக்கிறார்.

ஸ்லீப் இதற்கு உதவாது. ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் வேண்டும். பிளக் போனால் எல்லாம் போச்சு. ஹைபர்நேட் என்றால் ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கலாம், மழை விட்டபின் மாட்டலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஸ்.எஸ்.டி. என்றால் அரை நிமிடத்துக்குள் முடிகிற காரியம். பாட்டி அவ்வளவு நேரம் பொறுப்பார். லினக்ஸில் அந்த எழுத்தெல்லாம் ஸ்வாப்புக்குத்தான் போகும். ஆகவே நம் ஊர் டெஸ்க்டாப்புக்கு ஸ்வாப்பின் அளவைத் தீர்மானிப்பதே இடிதான் என்று சொல்வேன்.

அப்போது எவ்வளவு? கெர்னல் எல்லாவற்றையும் அப்படியே எழுதுவதில்லை. தேவையில்லாத கேஷை உதறி, மீதியைச் சுருக்கி, படிமத்தை ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் கொண்டுவரப் பார்க்கும். 8 ஜிபிக்கு மூன்றே கால் போதும் போலத் தோன்றும். நம்பாதீர்கள். எல்லாம் திறந்து கிடக்கும் நேரத்தில் அந்த இலக்குக்குள் அடங்காமல் போகலாம். அதோடு ஸ்வாப்பில் ஏற்கெனவே ஒன்றிரண்டு ஜிபி குடியிருக்கும். ரேம் அளவுக்குச் சமமாக வைத்து, மேலே ஓரிரண்டு ஜிபி கூட்டிவிட்டால் கவலை இல்லை. 4 ஜிபி பெட்டிக்கு 5 அல்லது 6, 8 ஜிபி பெட்டிக்கு 10. அந்தப் பையனின் பெட்டியிலும் மழைக்காலம் வந்ததும் 4-ஐ 6 ஆக்கினேன்.

இதில் மூன்று முட்டுக்கட்டைகள் உண்டு. இசட்-ரேம் ரேமுக்குள்ளேயே இருப்பதால் அதில் ஹைபர்நேட் செய்ய முடியாது, டிஸ்க்கில் ஸ்வாப் கட்டாயம் வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் உபுண்டு, ஃபெடோரா இரண்டுமே ஹைபர்நேட்டை மறுத்துவிடும். பயாஸுக்குள் போய் அதை அணைக்க வேண்டும். ஸ்வாப் தனி பார்ட்டிஷனாக இல்லாமல் கோப்பாக இருந்தால், அது டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் கெர்னலுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கோப்பை அழித்துப் புதிதாகச் செய்தால் அந்த எண் மாறிவிடும், மறுபடி சொல்ல வேண்டும். பெட்டியைக் கொடுக்கும் முன் இருபது டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஹைபர்நேட் செய்து, பிளக்கைப் பிடுங்கி, மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைதான். எங்கள் புந்தோங்கில் அதற்கா பஞ்சம்?

ஸ்வாப் கோப்பாக வந்த பிறகு அளவைப் பற்றி இத்தனை மண்டை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதும் உண்மை. பார்ட்டிஷன் காலத்தில் ஒருமுறை தப்பாக வெட்டினால் டிஸ்க்கையே மறுபடி பிரிக்க வேண்டும். இப்போது கோப்பை அணைத்து, அழித்து, வேறு அளவில் செய்து, 600 என்று அனுமதி போட்டு, ஸ்வாப்பாகக் குறியிட்டு இயக்கினால் முடிந்தது. எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி. அந்த 600-ஐ மட்டும் மறக்கக் கூடாது. ரேமில் இருந்த கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில் கிடக்கலாம், ரூட்டைத் தவிர யாரும் படிக்கக் கூடாது.

அதனால் ஒரு அளவை வைத்துவிட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். ‘ஃப்ரீ' கட்டளை ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அது 1 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம், தையல் மெஷின் கொட்டகையில் கிடக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ‘விஎம்ஸ்டாட்' காட்டும் இரண்டு பத்திகளை: செகண்டுக்கு எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது. இரண்டும் பெரும்பாலும் பூச்சியமாக இருந்தால் பெட்டி நலம். இரண்டிலும் எண்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்வாப்பை எத்தனை ஜிபி ஆக்கினாலும் பிரயோசனமில்லை. டேப்பைக் குறைக்க வேண்டும் அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு ரேம் வாங்க வேண்டும். பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ள கெர்னல் எவ்வளவு ஆர்வம் காட்டலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் என்ற எண் இயல்பாக 60; அதை 10 ஆக்கு, 1 ஆக்கு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எஸ்.எஸ்.டி. பெட்டியில் நான் அதைத் தொடுவதே இல்லை.

16 ஜிபி, 32 ஜிபி ரேம் வைத்திருக்கும் பாக்கியவான்களுக்கு ஹைபர்நேட் வேண்டாமென்றால் 4 ஜிபி போதும். ‘எனக்கு ஸ்வாப்பே வேண்டாம்' என்று பூச்சியமாக்குவது மட்டும் நல்ல யோசனை இல்லை. எப்போதோ திறந்து மறந்த நிரலின் பக்கங்கள் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடம் கோப்புக் கேஷுக்குப் போயிருந்தால் பெட்டி இன்னும் சுறுசுறுப்பாக இருந்திருக்கும்.

விண்டோஸிலேயே இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே ஹைபர்நேட்டுக்குத் தனிக் கோப்பு உண்டு, விண்டோஸ் 10-இல் இயல்பாக ரேமில் 40 விழுக்காடு. விண்டோஸின் ஸ்வாப்பான பேஜ்ஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷட் டவுன் மெனுவில் ஹைபர்நேட் கண்ணுக்குப் படாது, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் டிக் அடித்தால் வரும். பேஜ்ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது பெரும்பாலோருக்குச் சரி. டிஸ்க் சின்னது, அது வீங்கி இடத்தை அடைக்கிறது என்றால் மட்டும் மார்க் ருசினோவிச் 2008-இல் எழுதிய கணக்கைப் போடுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து, பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் உச்சக் கமிட் (நிரல்களுக்கு விண்டோஸ் தருவதாக உறுதி சொன்ன மொத்த நினைவகம்) எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து ரேமைக் கழித்தால் வருவது குறைந்தபட்சம். அதில் இரண்டு மடங்கு அதிகபட்சம். உச்சம் 11, ரேம் 8 என்றால் 3 முதல் 6 ஜிபி. கழித்தால் மைனஸில் வந்தாலும் ஒரு ஜிபியாவது விட்டு வையுங்கள். விண்டோஸ் நீலத்திரையில் விழும்போது ஏன் விழுந்தோம் என்ற குறிப்பை அந்தக் கோப்பின் வழியாகத்தான் எழுதும், ரிப்பேருக்கு வருகிற ஆளுக்கு அது வேண்டும்.